ஆவுடையப்பன் அண்ணாச்சியின் பத்தாவது தோட்டா

சத்தியம். ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். எட்டுத் தெருவுக்கும் கேட்கும்படி உரக்கவே சொல்கிறேன். இதில் ஒரு வரி பொய்யாக இருந்தால், டம்ளர் தண்ணீரில் கிடக்கும் என் பல் செட்டு தானாக எழுந்து வந்து என்னையே கடிக்கட்டும்.

போன வாரம் சொன்ன முதலைக் கதையை விட்டுத்தள்ளுங்கள். அதில் கொஞ்சம் கலப்படம் உண்டு. இதில் கிடையாது.

ஆவுடையப்பன் அண்ணாச்சி வாத்தியாரம்மாவிடம் போய் நின்றார்.

"பயமா இருக்கு, மேடம்."

"எதுக்கு?"

"தப்பிடுமோன்னு."

"தப்பினா?"

"சிரிப்பாங்க."

வாத்தியாரம்மா துப்பாக்கிக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பயம் ரொம்பச் சின்னதா இருக்கே, அண்ணாச்சி."

"இதுக்கே சோறு இறங்க மாட்டேங்குது. இதைவிடப் பெரிசு எதுக்கு?"

"பெரிசு வந்தா சின்னது போயிரும்."

"அது எங்க கிடைக்கும்?"

வாத்தியாரம்மா எண்ணெய்த் துணி பிடித்த கையை நீட்டினார். ஐம்பது மீட்டருக்கு அப்பால், மண்மேட்டின் முன்னால், ஓர் அட்டை நின்றது.

அண்ணாச்சி உற்றுப் பார்த்தார். அட்டைதான் தெரிந்தது.

"அங்க அட்டைதான இருக்கு?"

வாத்தியாரம்மா மறுபடியும் குழாயைத் துடைக்க ஆரம்பித்தார்.

அண்ணாச்சிக்கு ஐம்பத்து நான்கு வயது. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எதிர்க்கடைக்காரர் வெற்றிலையில் எத்தனை நரம்பு என்று தன் கடையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட கண்.

அந்தக் கண்ணை நம்பித்தான் ஆறு மாதத்துக்கு முன் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்தார். பாறைப் பொத்தை என்கிற சின்னக் குன்றின் அடிவாரத்தில், மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறதே, அந்தக் கிளப்.

ஆறு மாதமாக ஒரு தோட்டாகூட அட்டையில் படவில்லை.

வாத்தியாரம்மா என்றால் ஜெபக்கனி மேடம். வயது முப்பத்தெட்டு. போலீஸ் அணிக்காகச் சுட்டு மெடல் வாங்கியவர். வேலையை விட்டுவிட்டு இங்கே பயிற்சி கொடுக்க வந்தார். ஒரு நாளைக்கு மொத்தம் நாற்பது வார்த்தை பேசுவார். முப்பத்தைந்து வார்த்தை அண்ணாச்சிக்கே செலவாகிவிடும்.

மூன்றாவது ஆள் மாசானமுத்து.

அட்டைக்குக் கீழே ஆள் ஆழத்துக்கு ஒரு குழி. மாசானமுத்து அதற்குள் உட்கார்ந்திருப்பார். தோட்டா அட்டையில் பட்டால், அந்தந்த அட்டைக்கு உரிய, வட்டத் தகடு வைத்த நீளக் கம்பை உயர்த்தி, பட்ட இடத்தைத் தொட்டுக் காட்டுவார். படாவிட்டால் தன் மஞ்சள் துண்டை இப்படியும் அப்படியும் ஆட்டுவார்.

அண்ணாச்சியின் முறை வந்தால் துண்டுதான். ஆறு மாதத்தில் ஆட்டி ஆட்டித் துண்டு நைந்துபோய், கிளப் செலவில் புதுத் துண்டு வாங்கிக் கொடுத்தார்கள்.

மாசானமுத்து குழியை விட்டு வெளியே வந்தால் சிவப்புக் கொடியைக் கயிற்றால் மேலே ஏற்றுவார். கொடி மேலே இருந்தால் யாரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது. அவர் உள்ளே இறங்கினால் கொடி இறங்கும். பிறகு வாத்தியாரம்மா ஒரு விசில் ஊதுவார். அதற்குப் பிறகுதான் சுடலாம்.

இவ்வளவுதான் சட்டம்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வருடாந்திரத் தேர்வு. பத்துத் தோட்டாவில் குறைந்தது மூன்று அட்டையில் பட வேண்டும் என்பது விதி. அண்ணாச்சிக்காக அதை ஒன்றாக இறக்கி வைத்திருந்தார்கள். அந்த ஒன்றும் படவில்லை என்றால் கிளப்பை விட்டு வெளியே.

வாத்தியாரம்மாவிடமிருந்து திரும்பி வந்த அண்ணாச்சி, பாயில் குப்புறப் படுத்தார். துப்பாக்கியைத் தோளில் பதித்தார்.

விசில்.

விசையை இழுத்தார். 'டிக்.' தோட்டா வெடிக்கவில்லை.

வெடிக்காத தோட்டாவை உடனே எடுக்கக்கூடாது. குழாயை நேராக நீட்டியபடியே அரை நிமிடம் அசையாமல் காத்திருக்க வேண்டும். அண்ணாச்சி அசையவில்லை. அவ்வளவு நன்றாக அசையாமல் இருந்ததால் ஒரு காக்கை வந்து குழாயில் உட்கார்ந்தது. அலகைத் தீட்டியது. எச்சமும் இட்டுவிட்டுப் போனது.

"அது கணக்குல சேராது" என்றார் வாத்தியாரம்மா.

"காக்காயா?"

"தோட்டா."

அதன் பிறகு பத்து ஆரம்பித்தது.

முதல் தோட்டா பக்கத்து அட்டையில் பட்டது. அது பல் டாக்டர் எஸ்றாவின் அட்டை. அதுவரை ஒன்பது மார்க்குக்குக் குறையாமல் சுட்டிருந்தவர், மூன்று மார்க் ஓட்டையைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, உம்ம பல்லைப் பிடுங்க என்னைக்காவது என்கிட்டதான வே வரணும்?"

"தெரியாம நடந்துபோச்சு டாக்டர்."

"நானும் தெரியாமத்தான் வேற பல்லைப் பிடுங்குவேன்."

எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டாவது தோட்டா கொடிக்கயிற்றை அறுத்தது. கயிறு சொத்தென்று தரையில் விழுந்தது; சிவப்புக் கொடியை இனி ஏற்ற முடியாது. நூல் பருமன் கயிறு அது. குறி வைத்துச் சுட்டால் ஜெபக்கனி மேடத்தாலும் முடியாது.

"ஆளு வெளிய வந்தா இனி எப்படி மேடம் தெரியும்?" என்று கேட்டார் டாக்டர்.

"நான் கையைக் காட்டினா மாசானம் ஏறட்டும். கையை இறக்கினா அவர் இறங்கட்டும். என் விசில் மட்டும்தான் இனி கணக்கு. எல்லாரும் கேட்டுக்கோங்க."

எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். மாசானமுத்துவிடமும் ஒருவர் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அண்ணாச்சியும் தலையாட்டினார்.

மூன்றாவது தோட்டாவை நீங்கள் நம்ப மாட்டீர்கள். மண்மேட்டின் மேல் கிளப்பின் பெயர்ப்பலகை இருந்தது. 'துப்பாக்கிச சுடுதளம்' என்று எழுதியிருந்தது. 'ச' மேல் வைக்க வேண்டிய புள்ளியைப் பெயின்டர் விட்டுவிட்டார். நான்கு வருடமாகத் தமிழ் வாத்தியார்கள் அந்த வழியாகப் போகும்போது கண்ணைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

அண்ணாச்சியின் மூன்றாவது தோட்டா அந்தப் புள்ளியை வைத்தது.

போய்ப் பாருங்கள். இன்றைக்கும் இருக்கிறது.

சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது.

நாலு, ஐந்து, ஆறு மூன்றையும் மண்மேடு விழுங்கியது. ஏழாவது, ஓரத்தில் இருந்த தண்ணீர் டிரம்மைத் துளைத்தது. எட்டாவது எங்கே போனது என்று அந்தத் தோட்டாவுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு முறையும் குழியிலிருந்து மஞ்சள் துண்டு ஆடியது. இப்படியும். அப்படியும்.

வாத்தியாரம்மா தாளில் எழுதிக்கொண்டே வந்தார். தப்பு. தப்பு. தப்பு.

ஒன்பதாவது, அட்டை நின்ற மரச்சட்டத்தின் காலை முறித்தது. அட்டை ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து, அண்ணாச்சியைப் பற்றி யோசிப்பது போல நின்றது.

வாத்தியாரம்மா கையை உயர்த்தினார்.

"எல்லாரும் துப்பாக்கியைக் கீழ வைங்க. தோட்டாவை வெளிய எடுங்க. மாசானம் சட்டத்தைக் கட்டணும்."

மாசானமுத்து கையில் கயிற்றோடு குழியிலிருந்து ஏறினார்.

வாத்தியாரம்மா ஒவ்வொருவர் துப்பாக்கியிலும் தோட்டா இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்தக் கோடியிலிருந்து தொடங்கினார். அண்ணாச்சி இந்தக் கோடி. கடைசி ஆள்.

அண்ணாச்சிக்கு ஒன்றும் காதில் விழவில்லை. காதுக்குள் சிரிப்புச் சத்தம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று. ஒரே ஒன்று பட்டால் போதும். பத்தாவது தோட்டாவை எப்போதோ உள்ளே போட்டுவிட்டார். கன்னத்தைக் கட்டையில் வைத்துவிட்டார்.

விசில்.

சுட்டார்.

கண்ணைத் திறந்தார்.

எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் முகத்திலும் சிரிப்பு இல்லை.

வாத்தியாரம்மா மூன்று ஆள் தள்ளி நின்றுகொண்டிருந்தார். விசில் அவர் கழுத்தில் கயிற்றோடு தொங்கியது. வாயில் இல்லை.

"யாரு விசில் ஊதினது?" என்று கேட்டார் அண்ணாச்சி.



முதுகுக்குப் பின்னால், ரோட்டில், நிறுத்தத்தில் நின்ற டவுன் பஸ் இரண்டாவது விசிலுக்குப் புறப்பட்டது.

"போலாம் ரைட்!" என்றார் கண்டக்டர்.

அண்ணாச்சி திரும்பி அட்டையைப் பார்த்தார்.

அட்டை நிமிர்ந்து நேராக நின்றது. கயிற்றால் கட்டியிருந்தது. கட்டின ஆளைக் காணோம்.

துண்டு ஆடவில்லை.

காத்திருந்தார்கள். ஆடவில்லை.

"மாசானம்!" என்று கூப்பிட்டார் டாக்டர்.

பொத்தை அந்தப் பேரைத் திருப்பிச் சொன்னது. வேறு சத்தம் இல்லை.

"மாசானம்! ஏ மாசானம்!"

பொத்தைதான்.

அண்ணாச்சியின் நெஞ்சு அடித்த அடியை, யாரோ இன்னும் சுடுகிறார்கள் என்று நினைத்து இரண்டு பேர் குனிந்தார்கள். இது மிகையில்லை.

வாத்தியாரம்மா வந்தார். அண்ணாச்சியின் துப்பாக்கியை எடுத்தார். திறந்தார். காலித் தோட்டா தெறித்துப் பாயில் விழுந்து உருண்டது.

"எழுந்திரிங்க."

அண்ணாச்சி முழங்காலில் நின்றார். பிறகு எழுந்தார்.

"போய்ப் பாருங்க."

"நானா?"

"சுட்டது நீங்க."

"மேடம், டாக்டர் போகட்டும். அவரு டாக்டர்லா?"

"நான் பல் டாக்டர் வே" என்றார் எஸ்றா.

"நானும் வாரேன்" என்றார் வாத்தியாரம்மா. "ஆனா முன்னால நீங்க நடக்கணும்."

ஐம்பது மீட்டர். அண்ணாச்சி கடையிலிருந்து டீக்கடைக்கு அதைவிடத் தூரம்.

முதல் பத்தடியில் திருச்செந்தூருக்கு மொட்டை நேர்ந்துகொண்டார். இருபதாவது அடியில் குலதெய்வத்துக்குப் பொங்கல். முப்பதாவது அடியில் வாத்தியாரம்மாவின் சர்ச்சுக்கு ஆள் உயர மெழுகுவத்தி. அதற்குப் பிறகு எந்தச் சாமியின் பேரும் ஞாபகத்துக்கு வரவில்லை. மாசானமுத்துவின் பேர்தான் வந்தது.

போன மாதம் கடைக்கு வந்திருந்தார். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னபோது, "தூரத்துக் கண்ணாடி வேண்டாம் அண்ணாச்சி. நீங்க சுடுததை நான் பார்க்காம இருக்கதுதான் நல்லது" என்றார். அண்ணாச்சியும் சிரித்தார். கிளம்பும்போது, தை மாதம் மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளைக்கு ஒரு கூலிங் கிளாஸ் நல்லதாகப் பார்த்து வையுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அதை அண்ணாச்சி எடுத்து வைத்திருக்கிறார். மேஜை டிராயரில் இருக்கிறது.

"மேடம்."

"நடங்க."

"அந்த ஆளுக்கு ஏதாவது ஆகியிருந்தா..."

"நடங்க."

"நீங்க ஏதாச்சும் சொல்லுங்களேன். திட்டவாவது செய்யுங்க."

கொஞ்ச தூரம் பின்னால் செருப்புச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு குரல்.

"உங்க துப்பாக்கியை நான் கடைசியாப் பார்க்கலாம்னு விட்டேன். முதல்ல பார்த்திருக்கணும்."

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். மெடல் வாங்கிய அந்தக் கை, புல் போல ஆடிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்த பிறகுதான் அண்ணாச்சிக்கு உண்மையான பயம் வந்தது.

அட்டைக்கு முன்னால் ஒரு செருப்பு கவிழ்ந்து கிடந்தது. வலது கால் செருப்பு. மற்றதைக் காணோம்.

இன்னும் நாலடியில் குழி. விளிம்பு தெரிந்தது. உள்ளே தெரியவில்லை.

அண்ணாச்சி நின்றுவிட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கண்ணைத் திறங்க" என்றார் வாத்தியாரம்மா.

"முடியாது."

"திறங்க, அண்ணாச்சி."

"திறந்தா பார்க்கணுமே, மேடம்."

"சுடும்போதும் இப்படித்தான் மூடுறீங்க."



"உங்களுக்குத் தெரியுமா?"

"ஆறு மாசமா."

"ஏன் சொல்லல?"

"நீங்களாச் சொல்வீங்கன்னு பார்த்தேன்."

"கண்ணாடிக் கடை வச்சிருக்கவன், சத்தத்துக்குப் பயந்து ரெண்டு கண்ணையும் மூடிக்கிட்டுச் சுடுதேன்னு எப்படி மேடம் வெளிய சொல்ல?"

"சிரிப்பாங்க."

"ஆமா."

"இப்ப திறங்க."

அண்ணாச்சி நாலடியும் நடந்தார். விளிம்பில் நின்றார். திறந்தார்.

குழிக்குள் மஞ்சள் துண்டு கிடந்தது. பசை டப்பா. ஓட்டை அடைக்கிற ஒட்டுத்தாள். மூடி திறந்த தூக்குவாளி. வெற்றிலைப் பொட்டலம் சிதறிக் கிடந்தது.

ஆள் இல்லை.

அண்ணாச்சி குழிக்குள் குதித்தார். அந்த உடம்பு எப்படிக் குதித்தது என்று கேட்காதீர்கள். குதித்தது. துண்டைத் தூக்கிப் பார்த்தார். மணல் மூட்டையைப் புரட்டினார். ஆறடி ஆளைப் பசை டப்பாவுக்குள் தேடினார்.

"ரத்தம் இருக்கா பாருங்க மேடம். எனக்கு ஒண்ணும் தெரியல. மேடம், ரத்தம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப ஆள் எங்க?"

வாத்தியாரம்மா மேலே நின்று அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி. அட்டையைப் பாருங்க."

"அட்டையை நான் எதுக்குப் பார்க்கணும்? ஆள் எங்க மேடம்? மாசானம்! வே, மாசானம்! எங்க வே கிடக்கீரு?"

மண்மேட்டுக்குப் பின்னாலிருந்து ஒருவர் ஓடி வந்தார். ஒரு காலில் மட்டும் செருப்பு. கையில் நீளக் கம்பு. கம்பின் நுனியில் வட்டத் தகடு. தகடு முழுக்க ஒட்டடை.

"மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி, மன்னிச்சுக்கிடுங்க! லேட்டாயிட்டு!"

அண்ணாச்சி வாயைத் திறந்தார்.

மாசானமுத்து இரண்டு காதிலிருந்தும் பஞ்சைப் பிடுங்கினார்.

"கூப்பிட்டீங்களோ? பஞ்சுல ஒண்ணும் கேக்கல. எல்லாரும் உங்களையே பார்த்துக்கிட்டு நின்னாங்க, நான் ஏறி உங்க அட்டைக் கம்பைத் தேடி ஆபீஸ் ரூம் வரைக்கும் ஓடினேன். ஆறு மாசமா உங்களுக்கு இது தேவைப்படலையா, ஒட்டடை அடிக்க எடுத்துட்டுப் போயிட்டானுவ."

"கம்பு எதுக்கு?" என்று கேட்டார் வாத்தியாரம்மா.

"பட்டிருக்கே மேடம்! பத்து! நட்ட நடுவுல பத்து! பட்டா துண்டை ஆட்ட முடியுமா? கம்பைத்தான காட்டணும்? அண்ணாச்சி முதல் தடவையா பத்து அடிச்சிருக்காரு, கையைக் காட்டினா மரியாதையா இருக்குமா?"

கம்பை நீட்டி, அட்டையின் நடுவில் தகட்டை வைத்து, சுடும் மேடையைப் பார்த்துப் பிடித்தார். முறைப்படி. ஒட்டடை காற்றில் பறந்தது.

மேடையில் கைதட்டல். டாக்டர் துள்ளுவது தெரிந்தது.

"நீரு எங்க வே இருந்தீரு?" என்று கேட்டார் அண்ணாச்சி. தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல வந்தது குரல்.

"எப்ப?"

"நான் சுடும்போது."

"இந்தா, இங்கதான். அட்டைக்கு முன்னால. கயித்தை முடிஞ்சேன். முடிஞ்சு நிமிருதேன், இடுப்புல இருந்து வெத்தலைப் பொட்டலம் நழுவிட்டு. பிடிக்கக் குனிஞ்சேன். முதுகுக்கு மேல 'சொய்'ங்கு. அப்படியே பொட்டலத்தோட குழிக்குள்ள விழுந்தேன். செருப்பு மேலயே நின்னுட்டு." மாசானமுத்து தலையைச் சொறிந்தார். "மேடம் கையை இறக்கினதை நான்தான் பார்க்கல போல. என் தப்புதான். மேடத்துக்கிட்ட நீங்கதான் கொஞ்சம் எடுத்துச் சொல்லணும்."

அண்ணாச்சி குழியிலிருந்து ஏறினார். வாத்தியாரம்மா கை கொடுத்தார். இரண்டு கையும் ஆடியதால் பிடி கிடைக்க நேரமானது.

"மாசானம், அட்டைக்கு முன்னால நில்லும்."

"போட்டோவா அண்ணாச்சி? சட்டை அழுக்கா இருக்கே."

"நில்லும் வே. நிமிர்ந்து."

மாசானமுத்து நின்றார். சட்டையைத் தட்டிவிட்டார். நெஞ்சை விரித்துக்கொண்டார்.

அண்ணாச்சி அட்டையின் பின்பக்கம் போனார். நடுவில் இருந்த ஓட்டைக்குள் சுண்டுவிரலை மெல்ல விட்டார். விரல் மறுபக்கம் வெளியே வந்து மாசானமுத்துவின் முதுகைத் தொட்டது.

இடது தோள்பட்டைக்குக் கீழே. துணிக்கு அடியில் ஏதோ அடித்துக்கொண்டிருந்தது.

லப். டப். லப். டப்.

"கூசுது அண்ணாச்சி" என்று நெளிந்தார் மாசானமுத்து.

அண்ணாச்சி விரலை எடுக்கவில்லை. ரொம்ப நேரம் எடுக்கவில்லை. பிறகு எடுத்தார். மண்ணில் உட்கார்ந்தார்.

மேடையிலிருந்து எல்லாரும் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். "அண்ணாச்சி பாஸ்!" என்று ஒருவர் கத்தினார். "ஓட்டை விழுந்த அட்டையைக் கடையில மாட்டும் வே!" என்றார் டாக்டர். எல்லாரும் சிரித்தார்கள். முன்னைவிடப் பலமாகச் சிரித்தார்கள்.

அண்ணாச்சிக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை. மாசானமுத்து கவிழ்ந்து கிடந்த செருப்பை நிமிர்த்திக் காலில் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விரல், இன்னொரு விரல், குதிகால் என்று ஒவ்வொன்றாக.

வாத்தியாரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடியில் தாளை விரித்தார். ஒன்பது கட்டம் நிரம்பியிருந்தது. ஒன்று காலி.

"பத்தாவதுக்கு என்ன போட, அண்ணாச்சி?"

"பத்துன்னு போடுங்க மேடம்" என்றார் மாசானமுத்து. "நான் சாட்சி."

அண்ணாச்சி தலையை ஆட்டினார். இல்லை என்று.

"தப்பிச்சுதுன்னு போடுங்க."

வாத்தியாரம்மாவின் பேனா தாளில் வைத்த இடத்திலேயே நின்றது.

"யாரு?" என்று கேட்டார்.

இவ்வளவுதான் நடந்தது. நீங்கள் இதை எங்கே வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை. சொன்னது யார் என்று கேட்டால் மட்டும், பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள், முகத்தைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.